சினையைக் கேட்காதவர்கள்

ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 14 இரவு ஒரு செய்தி எழுதுவோம். ‘நள்ளிரவு முதல் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரை திரும்பின.’ ஜூன் 14 இரவு இன்னொன்று. ‘தடைக்காலம் முடிந்தது, ஐஸ் ஏற்றிக்கொண்டு படகுகள் கிளம்பின.’ நடுவில் இரண்டு மூன்று வரும். வஞ்சிரம் கிலோ என்ன விலை, நிவாரணத் தொகை வந்து சேர்ந்ததா, மரநிழலில் உட்கார்ந்து வலை பின்னும் ஒருவரின் படம். கடற்கரைச் செய்தி எழுதும் எங்களுக்கு இது பண்டிகைச் செய்தி மாதிரி பழகிப்போன வேலை. போன ஆண்டு எழுதியதை எடுத்து விலையை மட்டும் மாற்றி அனுப்பியவர்கள் எங்களில் உண்டு. நானும் அனுப்பியிருக்கிறேன்.

அந்தச் செய்திகள் எல்லாவற்றிலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘மீன்களின் இனப்பெருக்கக் காலம் என்பதால்.’ 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடை 2017இல் 61 நாளாக நீண்டது. அந்த வரி மட்டும் அப்படியே இருந்தது. எந்த மீனின் இனப்பெருக்கம்? இட்ட முட்டை எங்கே மிதக்கிறது? பொரிந்த குஞ்சு எதைத் தின்று பிழைக்கிறது? கடல் சூடாகிக்கொண்டே போகும்போது அந்தக் குஞ்சுக்கு என்ன ஆகிறது? இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தக் கரையில் குறிப்பேடும் கையுமாகச் சுற்றியவர்கள் நாங்கள். இதில் ஒன்றைக்கூட நாங்கள் கேட்டதில்லை.

கேட்கவில்லை என்பதைவிடப் பெரிய குற்றம் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒருவர் தானாகவே சொன்னார். நான் அதை எழுதவில்லை.

சென்னை காசிமேட்டில் மீன் வெட்டித் தரும் ஒரு அக்கா. ஒரு பலகை, ஒரு அரிவாள்மணை, ஒரு வாளித் தண்ணீர், பக்கத்தில் சாம்பல். நான் வழக்கம்போல விலை விசாரிக்கப் போயிருந்தேன். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஐப்பசி மாதம். அவர் ஒரு சங்கராவின் வயிற்றைக் கீறி, மஞ்சளும் சிவப்புமாக இரண்டு மடலாக இருந்த சினையை விரலால் வழித்துத் தனியே வைத்தார். அடுத்த மீனிலும் சினை. அதற்கடுத்ததிலும். ‘சங்கராவுக்கு இப்பல்லாம் மழையிலதான் சினை தம்பி. முன்ன வெயில்ல கீறுனா தள்ளிக்கினு வரும். இப்ப வெயில்ல ஒண்ணும் இல்ல, காலி வயிறு’ என்றார். நான் தலையாட்டினேன். வஞ்சிரம் விலையையும் இறால் விலையையும் குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வு ஒன்றைப் படித்தபோதுதான் அந்த ஐப்பசி நினைவுக்கு வந்தது. சென்னைக் கடலில் பிடிபட்ட சங்கரா மீன்களை அங்குள்ள விஞ்ஞானிகள் 1980களின் தொடக்கத்திலிருந்து 2004 வரை சினை பார்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வெப்ப மாதங்களில் சினையோடு இருக்கும் மீன்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்திருக்கின்றன. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர்ந்த மாதங்களில் கூடியிருக்கின்றன. கடலின் மேல்நீர் 28, 28.5 டிகிரியைத் தாண்டிச் சூடாக ஆக, சங்கரா தன் பிள்ளைப்பேற்றைக் குளிர்ந்த மாதங்களுக்கு நகர்த்திக்கொண்டுவிட்டது என்பதுதான் அவர்கள் சொன்னது. கால் நூற்றாண்டு அளந்து அவர்கள் கண்டதை அந்த அக்கா அரிவாள்மணையிலேயே கண்டிருந்தார். இரண்டையும் சேர்த்து ஒரு பத்தி எழுதுவதுதான் எங்கள் வேலை. அந்தப் பத்தியை நாங்கள் எழுதவே இல்லை.

தடைக்காலம் வீண் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் கடலில் பல மீன்கள் ஆண்டின் பெரும்பகுதியும் முட்டையிடுகின்றன. அவற்றில் பல அந்த 61 நாளிலும் இடுகின்றன. இழுவைமடி போகாத இரண்டு மாதம் கடலின் அடித்தரைக்கும் ஓய்வு. ஆனால் கடலின் பஞ்சாங்கம் மாறிக்கொண்டிருந்தபோது நாங்கள் நாட்காட்டியில் ஒரு தேதியை வட்டமிட்டு, அதுவே கடலின் பஞ்சாங்கம் என்று மக்களை நம்ப வைத்தோம்.

ஒரு மீன் குஞ்சை நான் முதன்முதலில் பார்த்தது இந்த வேலைக்கு வந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு. ஆற்று முகத்துவாரம் ஒன்றின் பக்கத்தில் இருந்த ஆய்வகத்துக்கு வேறு ஏதோ செய்திக்காகப் போயிருந்தேன். ஆராய்ச்சி மாணவி ஒருவர் அன்று காலை படகிலிருந்து இழுத்த வலையின் அடியில் சேர்ந்ததை ஒரு கண்ணாடிக் குடுவையில் வைத்திருந்தார். வலை என்றால் மீன்வலை இல்லை. மெல்லிய துணி போன்ற கண்களுள்ள கூம்பு வலை. குடுவையில் இருந்தது கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கிய நீர். ‘இதில் மீன் இருக்கிறது சார்’ என்றார். எனக்குத் தெரியவில்லை. ஒரு துளியை எடுத்து நுண்ணோக்கியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார்.

நகத்துண்டு போல ஒன்று. உடம்பு முழுக்கக் கண்ணாடி. முதுகெலும்பு ஒரு பென்சில் கோடு. வயிற்றில் எண்ணெய்த் துளி மாதிரி ஒரு உருண்டை. அதுதான் மஞ்சள்கரு, தாய் கட்டிக்கொடுத்த சோறு. வாய் இன்னும் திறக்கவில்லை. கண் இருந்த இடத்தில் நிறம் ஏறவில்லை. நம் வெதுவெதுப்பான கடலில் பல மீன்களின் முட்டை ஏறத்தாழ ஒரே நாளில் பொரிந்துவிடும். அதன்பின் இரண்டு மூன்று நாளைக்கு அந்த உருண்டைதான் ஆதாரம். அது தீர்வதற்குள் கண் கறுக்க வேண்டும், வாய் திறக்க வேண்டும், தன்னைவிடச் சின்னதாக ஓர் இரை வாய்க்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த இரை, துடுப்புக்காலி என்ற நுண்ணிய ஓட்டுயிரியின் குஞ்சு. கிடைக்காவிட்டால் ஒரு கட்டத்துக்குப் பிறகு இரை வந்தாலும் தின்னத் தெம்பிருக்காது. அதோடு முடிந்தது. ஒரு தாய்ச் சங்கரா இடும் பல்லாயிரம் முட்டையில் நம் தட்டுக்கு வருமளவு வளர்வது விரல்விட்டு எண்ணக்கூடியதுதான். மீதி எல்லாம் பெரும்பாலும் இந்த முதல் சில நாளிலும் வாரத்திலும் போய்விடுகிறது.

கடலில் மீன் கூடுவதும் குறைவதும் எங்கே முடிவாகிறது என்ற கேள்விக்கு நார்வேயின் மீன்வள விஞ்ஞானி யோஹான் யோர்ட் 1914இலேயே பதில் சொல்லிவிட்டார். பிடிக்கப்படும் பெரிய மீன்களை வைத்து அல்ல, மஞ்சள்கரு தீர்ந்து முதல் இரை தேடும் அந்தச் சில நாளை வைத்துத்தான் ஓர் ஆண்டுக் குஞ்சுகளின் கதி எழுதப்படுகிறது என்றார். 1904இல் பிறந்த ஹெர்ரிங் குஞ்சுகள் அதிர்ஷ்டவசமாகப் பிழைத்துக்கொண்டதால் அடுத்த பல ஆண்டுகள் நார்வே மீனவர் வலைகளில் அந்த ஓர் ஆண்டின் மீன்களே நிறைந்திருந்ததை அவர் காட்டினார். நூற்றுப் பத்து ஆண்டுக்கு முந்தைய பேச்சு இது. மீன்வரத்துக் குறைந்தது என்று எழுதிய ஒவ்வொரு முறையும் நாங்கள் டீசல் விலையையும் காற்றையும் அண்டை நாட்டுக் கடற்படையையும் எழுதினோம். எல்லாம் உண்மைதான். ஆனால் இரண்டு ஆண்டுக்கு முன்பு குஞ்சுகளுக்கு இரை கிடைத்ததா என்று ஒரு வரி கிடையாது.

சூடு அந்தக் குஞ்சுக்கு என்ன செய்கிறது என்பதை அந்த மாணவிதான் எனக்குப் புரிய வைத்தார். தண்ணீர் சூடானால் குஞ்சின் உடம்பு வேகமாக எரிகிறது. மஞ்சள்கரு சீக்கிரம் தீர்கிறது. மூன்று நாள் தவணை இரண்டு நாளாகச் சுருங்குகிறது. பக்கத்தில் இரை நிறைய இருந்தால் குஞ்சு வேகமாக வளர்ந்து தப்பித்துக்கொள்ளும், சூடு அதற்கு உதவிகூடச் செய்யும். இரை இல்லாவிட்டால் அதே சூடு கொன்றுவிடும். ஆனால் கடல் சூடாகும்போது மேல்நீர் லேசாகி மூடி போட்டது மாதிரி மேலேயே நின்றுகொள்ளும். கீழே இருக்கும் சத்து மேலே ஏறாது. பாசி குறையும், பாசியைத் தின்னும் துடுப்புக்காலி குறையும். தவணை சுருங்குகிற நேரத்திலேயே பந்தியும் காலியாகிறது. இந்தியப் பெருங்கடலின் வெப்ப மண்டலப் பகுதி 1950க்குப் பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 0.12 டிகிரி வீதம் சூடாகி வருகிறது. கேட்பதற்குச் சின்ன எண். ஒரு மில்லிமீட்டர் உடம்புக்கு அது சின்னது இல்லை. போதாததற்கு, காற்றில் கூடிய கரியமில வாயுவைக் குடித்துக் குடித்துக் கடல்நீரின் காரத்தன்மையும் குறைகிறது, மேல்நீரின் பி.எச். அளவு 8.2இலிருந்து 8.1க்கு இறங்கிவிட்டது.

இனி நான் சொல்லப்போவது எங்களில் யாரும் தப்பிக்க முடியாத ஒன்று.

‘வீணாகக் கடலில் கலக்கும் நீர்.’ மழை நன்றாகப் பெய்த எந்த ஆண்டின் செய்தித்தாளையும் எடுத்துப் பாருங்கள், இந்தத் தலைப்பு இருக்கும். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் இருக்கும். பாலாற்றிலும் தாமிரபரணியிலும் தண்ணீர் போனால் இருக்கும். இத்தனை கன அடி, இத்தனை டி.எம்.சி., வீணாக. எத்தனை முறை அந்தச் சொல்லை அச்சில் ஏற்றியிருக்கிறோம்! டெல்டாவின் கடைமடையில் வயல் வெடித்துக் கிடப்பதை நேரில் பார்த்து எழுதியவன் நான். உழவரின் வேதனை எனக்குத் தெரியும். தண்ணீரைத் தேக்க வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கையில் துளியும் தவறு இல்லை. ஆனால் ‘வீணாக’ என்ற அந்த ஒரு சொல் எங்களுடையது. அதற்கு நாங்கள்தான் பொறுப்பு.

ஆறு கடலில் இறங்கும்போது வெறும் தண்ணீராக இறங்குவதில்லை. வண்டலோடும் சத்தோடும் இறங்குகிறது. கரையோரக் கடலில் பாசி தழைப்பது அதனால். மணல் அடைத்துக் கிடக்கும் முகத்துவாரத்தை வெள்ளம்தான் வெட்டித் திறக்கிறது. திறந்தால்தான் கடலில் பொரிந்த மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் ஓதத்தோடு உள்ளே ஏறி, உப்புக் குறைந்த கழிமுகத்தில் பசியாறி வளர முடியும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்குப் பின் காவிரி எப்போது எவ்வளவு கடலைத் தொட்டது என்பது மனிதர்கள் முடிவுசெய்யும் விஷயமாகிவிட்டது. அதற்கும் மேலே, கீழே எத்தனையோ அணைகளும் தடுப்புகளும். மழையும் இப்போது சீராகப் பெய்வதில்லை; ஒரே வாரத்தில் கொட்டிவிட்டு மறைந்துவிடுகிறது. குஞ்சுக்குத் தேவையான நேரத்தில் தேவையான நீர் என்ற கணக்கே குலைந்துபோனது. ஒரு மீனவர் என்னிடம் சொன்னார்: ‘ஆறு வராத வருஷம் முகத்துவாரத்துல குஞ்சே ஏறாது சார். அது எங்களுக்கு வந்த தண்ணி.’ அவர் பேச்சையும் நான் ஒரு செய்தியில் கடைசிப் பத்தியாகச் சேர்த்தேன். இடமில்லை என்று அந்தப் பத்தி அச்சுக்குப் போகும் முன் வெட்டப்பட்டது. நான் அதற்காக யாரிடமும் சண்டை போடவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நாங்கள் எல்லோரும் அலையாத்திக் காடுகளைப் பற்றி எழுதினோம். பிச்சாவரம் பக்கத்து ஊர்களில் காடு அலையைத் தடுத்து நின்றது என்று எழுதினோம், எழுத வேண்டியதுதான். ஆனால் அலையை ஆற்றும் சுவர் என்பதோடு நிறுத்திக்கொண்டோம். சுரபுன்னையின் வேர்களுக்கு நடுவே, கலங்கிய நீரில், பெரிய மீனின் வாய்க்கு எட்டாமல் ஒளிந்து வளரும் கோடிக்கணக்கான குஞ்சுகளுக்கு அது தொட்டில் என்பதை ஒரு துணைத்தலைப்பாகக்கூட வைக்கவில்லை. பாக் விரிகுடாவின் கடற்புல் பரப்பும் அப்படியே. அங்கே ஆவுளியா என்ற கடற்பசு இருக்கிறது என்பதால் 2022இல் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டபோது ஆவுளியாவின் படத்தைப் போட்டோம். அந்தப் புல்லுக்குள் இருக்கும் குஞ்சுகளை யாரும் படமெடுக்கவில்லை. மன்னார் வளைகுடாவில் 2016இல் பவளப் பார்கள் வெளுத்தபோது பவளத்தை எழுதினோம், பாரை நம்பிப் பிறந்த குஞ்சை எழுதவில்லை. அனல் மின்நிலையங்களின் சாம்பலை எழுதினோம், கடலில் விடும் சுடுநீரையும் எழுதினோம். குளிர்விக்கக் கடல்நீரை உறிஞ்சும் குழாயில் நீரோடு சேர்ந்து முட்டையும் குஞ்சும் போவதை எழுதவில்லை.

படிப்பவர்களையும் நான் இதிலிருந்து விலக்க மாட்டேன். மன்னிக்க வேண்டும். தடைக்காலம் முடிந்து படகுகள் வரும் விடியற்காலையில் ஒரு முறை துறைமுகத்துக்கு வாருங்கள். ஏலம் போடும் கூடைகளுக்குப் பின்னால், ஐஸ் தண்ணீர் ஓடும் சிமெண்ட் தரையில் ஒரு குவியல் கிடக்கும். கழிசல் என்பார்கள். மண்வெட்டியால் அள்ளி லாரியில் ஏற்றுவார்கள். மீன்தூள் ஆலைக்குப் போய்க் கோழித்தீவனமாகும், இறால் பண்ணைத் தீவனமாகும். நான் அதில் ஒரு கை அள்ளிப் பார்த்தேன். விரல் நீளச் சங்கரா. நூல் போன்ற வாளை. கட்டைவிரல் அளவு பன்னா. கண் மட்டும் பெரிதாக இருந்த கணவாய்க் குஞ்சு. எண்ணிக்கொண்டே வந்து நாற்பதோடு நிறுத்திவிட்டேன். மஞ்சள்கரு தீர்ந்த நாளைத் தாண்டி, சூட்டைத் தாண்டி, இரையில்லாத நாட்களைத் தாண்டி, லட்சத்தில் ஒன்றிரண்டாகப் பிழைத்து வந்தவை அவை. கடல் அவற்றை விட்டுவைத்தது. சின்னக் கண் மடி விட்டுவைக்கவில்லை. மடியின் கண் அளவைப் பற்றிச் சட்டம் இருக்கிறது. கோழிமுட்டை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் நாமும், மீனே சின்னதாகிவிட்டது என்று சந்தையில் புலம்பும் நாமும் ஒரே ஆட்கள்தான்.

கேரளத்தின் மத்தியைப் பார்த்தாவது நாங்கள் விழித்திருக்க வேண்டும். 2012இல் அங்கே கரைக்கு வந்த மத்தி ஏறத்தாழ 4 லட்சம் டன். 2021இல் 4,000 டன்கூட இல்லை. மலபார்க் கரையை விட்டு நகராது என்று நினைத்திருந்த அதே மத்தி கடந்த முப்பது நாற்பது ஆண்டாக நம் கரையிலும் வலைநிறையக் கிடைக்கிறது. கடலின் சூடும் நீவாடு என்னும் நீரோட்டமும் மழையும் மாறும்போது குஞ்சு எங்கே பிழைக்கிறதோ அங்கேதான் மீன் இருக்கும். நாங்கள் அதை ‘மத்தி வரத்து அதிகரிப்பு, மக்கள் மகிழ்ச்சி’ என்று எழுதினோம்.

கலிபோர்னியாவில் மத்தி வரத்துச் சரிந்து மான்டெரேயின் தகர டப்பா ஆலைகள் மூடத் தொடங்கியபோது, அங்குள்ள விஞ்ஞானிகள் 1949இல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். மீண்டும் மீண்டும், அதே தடத்தில், கப்பலில் போய்க் கூம்பு வலையை இழுத்து முட்டையையும் குஞ்சையும் எண்ணினார்கள். குடுவைகளைத் தூக்கி எறியாமல் வைத்தார்கள். இன்றுவரை வைத்திருக்கிறார்கள். 2014 முதல் 2016 வரை அந்தக் கடல் என்றுமில்லாதபடி சூடானபோது நெத்திலி குறையும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள், கூடியது. கடல் மனிதரின் ஊகத்துக்குக் கட்டுப்படுவதில்லை, எண்ணியவர்களுக்குத்தான் தெரியும். நம் கரையிலும் எண்ணியவர்கள் இருந்தார்கள். நெடுங்காலமாக மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் சென்னையிலும் நுண்ணோக்கிக்கு முன்னால் குனிந்து முட்டையையும் குஞ்சையும் படம் வரைந்து இனம் பிரித்தவர்கள் இருந்தார்கள். அவர்களின் ஆய்வேடுகள் நூலக அலமாரியில் இருக்கின்றன. அலமாரிக்கும் செய்தித்தாளுக்கும் நடுவே நடக்க வேண்டிய ஆட்கள் நாங்கள். நடக்கவில்லை.

சிறுவயதில் பன்னா மீன் குழம்பு வைத்தால் தலைக்குச் சண்டை வரும். தலைக்குள் இரண்டு வெள்ளைக் கற்கள் இருக்கும். ஆச்சி அதை மென்று பார்த்துப் பத்திரமாக எடுத்துக் கொடுப்பார். கழுவி, தீப்பெட்டியில் போட்டு வைத்து விளையாடுவோம். மீனின் காதுக்கல் அது. அதைச் சீவி வெளிச்சத்தில் வைத்தால், மரத்தின் வளையம் மாதிரி, நாளுக்கு ஒரு வளையம் தெரியும் என்பதை 1971இல் கண்டுபிடித்தார்கள். குஞ்சாக இருந்தபோது நன்றாகச் சாப்பிட்ட நாளில் வளையம் அகலமாக இருக்கும். பட்டினி கிடந்த நாளில் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு மீனும் தன் முதல் நாட்களின் கணக்கைத் தலைக்குள் எழுதி வைத்துக்கொண்டுதான் நம் தட்டுக்கு வந்திருக்கிறது.

போன ஐப்பசியில் காசிமேட்டுக்குப் போனேன். அந்த அக்கா இன்னும் அதே இடத்தில்தான் உட்காருகிறார். பார்வை கொஞ்சம் மங்கிவிட்டது. மகள் பக்கத்தில் இருந்து காசு வாங்குகிறார். ‘அக்கா, நீங்க ஒருநாள் சங்கராச் சினை பத்திச் சொன்னீங்க. நான் எழுதாம விட்டுட்டேன்’ என்றேன். அவருக்கு நினைவில்லை. ‘எந்த மீனுக்கு எப்ப சினைன்னு ஒருத்தரும் வந்து கேட்டது இல்ல தம்பி, வெலையத்தான் கேப்பாங்க’ என்றார். பிறகு ஒவ்வொரு மீனாகச் சொல்லத் தொடங்கினார். நடுநடுவே மகள் திருத்தினார். வாடிக்கையாளர் வந்தால் நிறுத்தி, வெட்டிக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

இப்போது மாதம் இரண்டு முறை போகிறேன். விலை எழுதும் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை நான்கு கட்டமாகப் பிரித்திருக்கிறேன்: மாதம், மீன், பிடித்த இடம், சினை. முதல் வரி இப்படி இருக்கிறது: ஐப்பசி, மழை. சங்கரா. பழவேற்காட்டுக்கு நேரே. இருந்தது.